பிரித்து வைத்த ஜோடி

"ஏங்க, கோயிலுக்கு யாராவது அறுநூறு வெள்ளி குடுத்து வாங்குன ஷூவைப் போட்டுக்கிட்டு வருவாங்களா?"

சிங்கப்பூர் தேக்காவில் எம்ஆர்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததிலிருந்து சங்கீதா கணவனிடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்னவேலின் காதில் அது விழவில்லை. எதிரே வருகிறவர்கள் தன் காலைப் பார்க்கிறார்களா என்பதில்தான் அவனுக்குக் கவனம். வெள்ளைத் தோல், ஓரத்தில் தங்க நிறக் கோடு. கடை திறக்கும் முன்பே போய் வரிசையில் நின்று வாங்கியது.

"கோயில் முடிச்சு நேரா உன் அண்ணன் வீட்டுக்குத்தானே போறோம்? போன தடவை அவரு புது வாட்ச்சைக் காட்டிக் காட்டியே சோறு போட்டாரு. இன்னைக்கு என் டர்ன் லா."

"அவரு காண்டோ அடுக்குமாடி வீட்டுல வாசல்லயே ஷூவைக் கழட்டணும்."

"வாசல்ல கிடந்தா இன்னும் நல்லது. வர்றவங்க போறவங்க எல்லாரும் பார்ப்பாங்க."

"அர்த்த ராத்திரியில குடை பிடிச்ச கதைதான்!" என்றாள் சங்கீதா.

வெள்ளிக்கிழமை மாலை. கோயில் வாசலில் காலணி அடுக்குகள் நிரம்பி வழிந்தன. இத்தனை பேர் நடுவே புது ஷூவை விட்டுவிட்டு உள்ளே போக யாருக்கு மனசு வரும்? ஆனால் ரத்னவேல் என்ன ஏமாந்த சோணகிரியா? ஒன்றை இந்தக் கோடியில் கீழ்த்தட்டில் தள்ளினான். இன்னொன்றை மறுகோடியில், யாருடைய ரப்பர் செருப்புகளுக்கோ பின்னால் செருகினான்.

"ஒத்தை ஷூவை எவன் எடுப்பான்? எப்படி என் மூளை?"

"மூளை இருந்தா பழைய செருப்புல வந்திருப்பீங்க."

சந்நிதியில் அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டார். சங்கீதாதான் பதில் சொன்னாள். ரத்னவேலின் கழுத்து வாசல் பக்கமே திரும்பியிருந்தது. பயந்தபடியே ஆயிற்று. நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஓர் இளைஞன் அடுக்கின் முன் குனிந்து எதையோ எடுத்தான். தங்க நிறக் கோடு பளிச்சென்று தெரிந்தது.

தீபாராதனையைக்கூடப் பார்க்காமல் ரத்னவேல் ஓடினான்.

"ஹலோ! அது என்னோட ஷூ!"

இளைஞன் பதறவில்லை. அவன்தான் ரத்னவேலை முறைத்தான்.

"உங்களுதா? ஏன் சார், படிச்சவங்களே இப்படிப் பண்ணலாமா? ஒத்தை ஒத்தையா வச்சுட்டுப் போயிடுறீங்க. அப்புறம் ஷூவைக் காணோம்னு எங்ககிட்ட சண்டைக்கு வர்றீங்க. எவ்வளவு நேரமா இதோட ஜோடியைத் தேடுறேன் தெரியுமா?"

ரத்னவேலுக்கு வெட்கமாகிவிட்டது. நல்ல மனுஷனைப் போய்த் திருடன் என்று நினைத்துவிட்டோமே!

"சாரி தம்பி. கொஞ்சம் விலை ஜாஸ்தி, அதான்..."

"பார்த்தாலே தெரியுது சார். இதையெல்லாம் வெளியில வைக்கலாமா? இன்னொண்ணையும் குடுங்க, நான் பத்திரமா வச்சுக்கிறேன்."

ரத்னவேல் மறுகோடிக்கு ஓடினான். ரப்பர் செருப்புகளை விலக்கி மற்ற ஷூவை எடுத்து, தூசி தட்டி, அவன் கையிலேயே கொடுத்தான்.

"சைஸ் என்ன சார்?"

"ஒன்பது."

"நல்லது சார். போய் நிம்மதியா சாமி கும்பிடுங்க."

நிஜமாகவே நிம்மதியாகத்தான் கும்பிட்டான். நிதானமாகப் பிராகாரம் சுற்றினான். பிரசாதப் பொங்கலை இன்னொரு தடவையும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்டான்.

வெளியே வந்தபோது இளைஞனைக் காணவில்லை. அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கும் சன்னலில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் போனான்.

"ம்மா, செருப்பு அடுக்குற தம்பி எங்க? என் ஷூவை அவருதான் வச்சிருக்காரு."

அந்த அம்மா எட்டி அவனுடைய வெறுங்காலைப் பார்த்தார்.

"செருப்பு அடுக்க இங்க யாரும் இல்லையேப்பா. இப்பதான் ஒரு பையன், புது வெள்ளை ஷூவை மாட்டிக்கிட்டு, வாசல்ல நின்னு சாமிக்குப் பெரிய கும்பிடா போட்டுட்டுப் போனான்."