அரை விலைக்கு ஒரு அப்கிரேட்

தில்லையடியில் மணப்பெண்களைப் படமெடுக்கும் நப்லாவுக்கு, எதிர்க்கடை ஸபீனாவை நினைத்தாலே வயிறு எரியும். மணப்பெண்களெல்லாம் அங்கேதான் போனார்கள்.

"அவள்ட சொஃப்ட்வெயார் புதுசு. அதான் எல்லாரும் அங்க ஓடுறாங்க" என்று பொருமியவள், இணையத்தைச் சல்லடை போட்டுத் தேடி, தன் பழைய போட்டோ எடிட்டிங் மென்பொருளுக்கு அரை விலையில் அப்கிரேட் ஒன்றைப் பிடித்தாள்.

அன்றே ஒரு மணப்பெண் விசாரிக்க வந்தாள்.

"கொம்பியூட்டர் உடைஞ்சாலும் பயமில்ல தங்கச்சி. இந்தப் புது அப்கிரேட்டால ஒங்கட படமெல்லாம் இன்டர்நெட்டில தானாப் பதிஞ்சு, காலத்துக்கும் என்னட்ட இருக்கும்" என்றாள் நப்லா பெருமையாக.

மணப்பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அப்ப வேணாம் ராத்தா. முக்காடில்லாத படம் வெளிய போனா என்ன செய்ற? ஸபீனா ராத்தா படத்தத் தந்திட்டு, எங்கட கண்ணுக்கு முன்னுக்கே எல்லாத்தையும் அழிச்சிருவா. அதுக்குத்தானே எல்லாரும் அங்க போறது!"