சூப்பர்வைசரின் சுரண்டி

“படியில மனுஷங்க ஏறி இறங்குறாங்களா, இல்ல மாட்டுக் கூட்டம் அசைபோட்டுத் துப்பிட்டுப் போகுதா?”

வக்கீலம்மா இதையே முதலில் படியில் நின்று கேட்டாள். பிறகு வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். இப்போது குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில், நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றே கேட்டுவிட்டாள்.

எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். குற்றவாளி தலையைக் குனிவது கோர்ட்டில் அவள் தினமும் பார்க்கிற காட்சிதான். ஒரு குடியிருப்பே மொத்தமாகத் தலையைக் குனிந்து இப்போதுதான் பார்க்கிறாள்.

“குடிவந்து ஒரு மாசம்கூட ஆகல. எங்க கால் வச்சாலும் சூயிங்கம்! நேத்து ஒரு செருப்பு படியோட ஒட்டிக்கிச்சு. அப்படியே விட்டுட்டு நொண்டிக்கிட்டே கேஸுக்குப் போனேன்.”

“அடடா, எந்தப் படின்னு ஒரு குரல் குடுத்திருக்கலாமேம்மா!” என்று துள்ளி எழுந்தார் சூப்பர்வைசர்.

மில்லில் ஊழியர்களை விரட்டி வேலை வாங்கி, ரிட்டயர் ஆனவர். தள்ளிப் பெருக்குகிற அகலத் துடைப்பத்தின் முதுகில் ஓர் இரும்புத் தகட்டைத் திருகி மாட்டி, அதற்குச் ‘சுரண்டி’ என்று பெயரும் வைத்திருந்தார். விடிந்தால் போதும், மொட்டை மாடியிலிருந்து வாசல்வரை கர்ர்ர் கர்ர்ர்தான்.

“பாருங்க! இந்த வயசுல முதுகை வளைச்சு உங்க எச்சிலைச் சுரண்டுறார். கூச்சமா இல்ல உங்களுக்கு?”

“முதுகு எங்கம்மா வளையுது? கைப்பிடிதான் என் தோள் உயரம் இருக்கே!” சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் பெருமை. “புதினான்னா தொட்டதும் வந்துடும். ஸ்ட்ராபெரி கொஞ்சம் மல்லுக்கட்டும். பல் டாக்டர் வாசல்ல கிடக்குது பாருங்க, சர்க்கரை இல்லாத ரகம், அது சாமானியத்துல அசையாது.”

பல் டாக்டருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

“மாடிக்கு மாடி கேமரா வைக்கணும். துப்புறவங்க மூஞ்சியைப் பெரிசா எடுத்து வாசல்ல மாட்டணும். சரின்னு சொல்றவங்க கை தூக்குங்க” என்றாள் வக்கீலம்மா.

ஒரே ஒருவர் தூக்கினார், அதுவும் இரண்டு கையையும். சூப்பர்வைசர்தான். “அன்னன்னைக்கு நானே உட்கார்ந்து பார்த்துச் சொல்லிடறேன்!”

அவர் மனைவிக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னங்க, வக்கீலம்மா சுரண்டியைக் கிட்டத்துல பார்த்ததே இல்ல. எடுத்துட்டு வந்து காட்டுங்களேன்.”

அவ்வளவுதான், மனுஷர் மாடிக்கு ஓடினார். அந்த அம்மாள் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

“உங்களுக்குப் புண்ணியமாப் போகும்மா. கேமரா மட்டும் வேண்டாம்.”

“ஓஹோ! அப்ப யாருன்னு உங்களுக்குத் தெரியும்?”

“நான்தான்.”

வக்கீலம்மா உட்கார்ந்துவிட்டாள்.

“ரிட்டயர் ஆகி வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர்தான். பேச்சு இல்ல, சாப்பாடு இல்ல. ‘இனிமே நான் எதுக்கு’ன்னு அது ஒண்ணைத்தான் சொல்லிக்கிட்டிருந்தார். எனக்குத் தூக்கமே போச்சு. ஒருநாள் வாசல்ல யாரோ துப்பின சூயிங்கம் அவர் கண்ணுல பட்டுச்சு. எழுந்து போய்ச் சுரண்டினார். திரும்பி வந்து, பசிக்குதுன்னார். அன்னைக்கு ஆரம்பிச்சேன் சூயிங்கம் மெல்ல.”

“இத்தனை மாடிக்கும் நீங்க ஒருத்தியாவா மென்னீங்க?”

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் பல் டாக்டர் தயங்கித் தயங்கி எழுந்தார். “சூயிங்கம் பக்கமே போகாதேன்னு பேஷண்டுகளைத் திட்டிட்டு வந்து நான் மெல்லுறேன். மனசு கேக்கல. அதான் சர்க்கரை இல்லாததா வாங்கறேன்.”

“எங்க வீட்ல குடும்பத்தோட மெல்லுறோம்” என்றார் செகரட்டரி.

பின்வரிசையில் ஒவ்வொருவராகத் தலையை ஆட்டினார்கள்.

கோர்ட்டில் எதிர்த் தரப்பைத் திணறடிக்கிற வக்கீலம்மா, தள்ளிவிட்ட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“எங்க மாடி யார் பொறுப்பு?”

“உங்க எதிர்வீட்டு டீச்சர்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க” என்றார் செகரட்டரி. “ தாடை வீங்கிப் படுத்துட்டாங்க. நேத்திலேருந்து உங்க மாடிக்கு ஆளே இல்ல.”

வெளியே கர்ர்ர் என்று சத்தம் நெருங்கியது. பல் டாக்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு சூயிங்கம் பொட்டலத்தை எடுத்து வக்கீலம்மா பக்கம் நீட்டினார்.

அந்த அம்மாள் தாழ்ப்பாளைத் திறந்தாள். சுரண்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கம்பீரமாக வந்தார் சூப்பர்வைசர். தரையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது.

“செஞ்சு காட்டலாம்னா இங்க ஒண்ணுமே ஒட்டலையே! வக்கீலம்மா, உங்க நாற்காலிக்கு அடியில ஏதாவது இருக்கா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்களேன்.”

வக்கீலம்மா வாயைத் திறக்கவில்லை. உள்ளே இருந்தது இன்னும் பதத்துக்கு வரவில்லை.