மைக் அணைந்த பிறகு

எதிர்க்கட்சி உறுப்பினர் தில்லைநாயகியின் மைக்கில் எரிந்த சிவப்பு விளக்கு அணைந்தது.

சுருக்கெழுத்தர் பென்சிலைக் கீழே வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை.

பேரவையின் நடுவில், தலைவரின் இருக்கைக்கு நேர் கீழே, சுருக்கெழுத்தர் மேசை. இருபத்தாறு ஆண்டுகளாக அவள் அங்கே உட்கார்ந்து எழுதுகிறாள். ஒருவருக்குப் பத்து நிமிடம். அடுத்தவர் வந்து இடப்பக்கம் உட்கார்வார். பேச்சைப் பிடித்துக்கொண்டதும் மேசையில் விரலால் ஒருமுறை தட்டுவார். அந்தத் தட்டு கேட்ட பிறகே முன்னவர் பென்சிலைத் தூக்கலாம்.

ஒரு சொல்கூடத் தவறிப்போகக் கூடாது என்பதற்காக யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு.

அவை நீக்கிய பேச்சுக்குப் பதிலாக முன்பெல்லாம் அடைப்புக்குறிக்குள் 'நீக்கப்பட்டது' என்று அச்சாகும்.

பிறகு, மூன்று புள்ளிகள் போதும் என்றார்கள்.

பிறகு, புள்ளிகளும் வேண்டாம் என்றார்கள். முன்னால் இருந்த வாக்கியமும் பின்னால் இருந்த வாக்கியமும் ஒட்டிக்கொண்டன.

இன்று காலை பிரிவு அதிகாரி வந்து சொன்னார். மைக் அணைந்தால் பென்சில் கீழே.

"எழுத்துல குடுங்க சார்" என்று கேட்டாள்.

"எழுத்துல குடுக்குற உத்தரவாம்மா இது?"

பழக்கத்தில் புள்ளி வைத்துவிட்ட ஒருவர் இப்போது நூலகத்தில் தூசி தட்டுவதை அவர் நினைவூட்டினார். அவள் ஓய்வுபெற இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிவைக்கும் மசோதா. முதல் முறை ஆறு மாதம் என்றார்கள். அடுத்த முறை ஓராண்டு. இன்றைய மசோதாவில் தேதியே இல்லை.

"எந்தத் தேதி?" என்று தில்லைநாயகி கேட்டார்.

அப்போதுதான் விளக்கு அணைந்தது.

"அக்கா, மைக் போயிருச்சு! வீட்ல போய்ப் பேசுங்க!" ஆளும் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"வீட்லயும் அணைச்சிருவாங்க போல!" இன்னொரு குரல்.

மேசைகளைத் தட்டிச் சிரித்தார்கள்.

அவள் எழுதினாள். குறுக்கீடு. சிரிப்பு.

தில்லைநாயகி உட்காரவில்லை. கத்தவும் இல்லை. கீழே மேசையைப் பார்த்தார். பென்சில் ஓடுவதைப் பார்த்தார்.

அவைக்கு வருமுன் அவர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல். சாட்சி சொன்னதை டைப்பிஸ்டுக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்லிப் பழகிய வாய். அதே நிதானத்தில் இப்போது ஆரம்பித்தார். முற்றுப்புள்ளி வர வேண்டிய இடத்தில் நின்றார். பத்தி முடிந்ததும் "பாரா" என்றார்.

"யாருக்குக்கா சொல்றீங்க?"

"உனக்கில்லப்பா. எழுதுறவங்களுக்கு."

அவை முழுதும் மேசைப் பக்கம் திரும்பியது.

இருபத்தாறு ஆண்டுகளில் அந்த மேசையை யாரும் பார்த்ததில்லை. அவளுக்குக் கழுத்து சுட்டது.

பக்கவாட்டுக் கதவில் பிரிவு அதிகாரி நின்றார். உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார்.

கீழே.

அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

தில்லைநாயகி ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போனார். கருங்குழிப்பட்டியில் தண்ணீர்த் தொட்டி இடிந்துகிடக்கிறது, கேட்க ஊராட்சித் தலைவர் இல்லை. பாரா. செம்மடையில் சுடுகாட்டுக்குப் பாதையை அடைத்துவிட்டார்கள், கேட்க உறுப்பினர் இல்லை. பாரா.

அவர் கையில் இருந்த தாளில் இன்னும் நிறைய ஊர்கள் இருந்தன.

பத்து நிமிடம் ஆனது. இன்னாசி வந்து இடப்பக்கம் உட்கார்ந்தான். மதியம் சாப்பாட்டு மேசையில் அவன்தான் சொன்னான். "அவங்க பேசுறாங்க, அவங்களே அணைக்கிறாங்க. நமக்கு என்னக்கா? கைக்கு ஓய்வுன்னு நெனச்சுக்குங்க."

அவன் நோட்டைத் திறக்கவில்லை. இரண்டு கைகளும் மடியில் இருந்தன.

அவள் நிறுத்தினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். மிச்ச ஊர்கள் எந்தத் தாளிலும் இருக்காது.

பதினோரு நிமிடம்.

பென்சில் மழுங்கியது. வேறு வேறு ஒலிக்கான மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒன்றுபோல் விழுந்தன. படிக்கச் சிரமமாக இருக்கும். படிக்க விட்டால்.

பதின்மூன்று நிமிடம்.

கட்டைவிரல் இழுத்துக்கொண்டது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பென்சிலை மாற்றிப் பிடித்தாள். வேப்பங்கரடு. பள்ளிக்கூடத்துச் சுவர்.

கதவிலிருந்து பிரிவு அதிகாரி ஓரடி உள்ளே வந்தார்.

இன்னாசி அவள் கையைப் பார்த்தான். கதவைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. பார்த்தால் ஒரு சொல் போய்விடும்.

பதினான்கு.

தாள் புரளும் சத்தம். அவளுடையது அல்ல.

மேசையில் ஒரு தட்டு.

அவள் பென்சிலைத் தூக்கினாள். விரல்கள் பிரியவில்லை. இடக்கையால் பிரித்து, கூர் சீவத் தொடங்கினாள்.

மேலே தில்லைநாயகி ஒரு மூச்சு நின்றார். இரண்டு பேரையும் பார்த்தார்.

"பாரா" என்றார்.