ஆறாவது வாய்ப்பு

நிலவியல் ஆய்வாளர்களுக்கான வார மடலைப் பதினொரு வருடமாகத் தொகுத்துச் சுகிர்தாவுக்கு அலுத்துவிட்டது. சரிந்து முடிந்த மலையைச் ‘செய்திகள்’ பகுதியில் போடுவாள். இன்ன நாளில் சரியும் என்று தேதி குறித்துவிட்ட மலை ‘வாய்ப்புகள்’ பகுதிக்குப் போகும். ஆய்வு செய்ய விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம். ஊர்க்காரர்களுக்குத் தகவல் சொல்வது வேறு துறையின் வேலை.

இந்தத் திங்கட்கிழமை ‘வாய்ப்புகள்’ பகுதிக்கு ஆறு மலைகள் வந்திருந்தன. எதற்கும் பெயர் கிடையாது, அட்சரேகையும் தீர்க்கரேகையும் சரியும் தேதியும் மட்டும்தான். எண்களை ஒருமுறை சரிபார்த்து, கொட்டாவி விட்டபடியே மடலை அனுப்பினாள்.

புதன்கிழமை, ஆறாவது மலைக்குப் போன குழு ஒரு படம் அனுப்பியது. அதில் அண்ணன் தங்கதுரையின் பச்சை வீடும், சுவரில் சாய்த்திருந்த அவர் சைக்கிளும் தெரிந்தன. அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“அண்ணே, உடனே வீட்டை விட்டுக் கிளம்புங்க. வெள்ளிக்கிழமை மலை சரியப்போகுது!”

அவர் சிரித்தார். “அட நீ வேற! பெரிய படிப்பு படிச்சவங்க பத்துப் பேரு வந்து, நம்ம வீட்டைச் சுத்தி மெஷினா நட்டு வச்சிருக்காங்க. இவ்வளவு அக்கறையா பாத்துக்கறாங்க, இனிமே நமக்கு என்ன பயம்?”