அட்டையில் விழாத கோடு

சுடுகாட்டில் என் பெண்சாதி அன்னக்கிளியின் சாம்பலைக் கேட்டேன். கண்ணீரைச் சோதித்துத்தான் தருவார்களாம். அதில் இரும்பைப் பிடிக்கும் புரதம் போதிய அளவு இருந்தால்தான் உண்மையான துக்கமாம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எனக்குக் கண்ணீரே வற்றிவிட்டது. சோதனை அட்டையில் கோடு விழவில்லை.

"பெருசு, உமக்குத் துக்கம் பத்தல" என்றான் ஊழியன்.

"அவகூட நாப்பது வருசம் குப்ப கொட்டினவன்டா நான். உன் அட்டைக்கு என்னடா தெரியும்?"

சாவு வீட்டில் அடுப்பு எரியாதென்று எனக்குச் சமைத்து அங்கேயே எடுத்துவந்த பக்கத்து வீட்டுச் செண்பகம், வெங்காயம் நறுக்கிய கையால் கண்ணைத் துடைத்தாள். கண்ணீர் கொட்டியது. ஊழியன் அதையும் அட்டையில் தொட்டுவைக்க, அவளுக்குக் கோடு சிவப்பாக விழுந்தது; சாம்பலை அவளிடமே நீட்டினான்.

"ஐயோ, அவருகிட்ட குடுங்கய்யா!" என்றாள். கொடுக்கவில்லை. கைமாற்றினால் ஜெயிலாம்.

சாம்பல் அவள் வீட்டு அலமாரியில் இருக்கிறது. என் பெண்சாதியைப் பார்க்க விருந்தாளி மாதிரி போய்வருகிறேன்.