கைராசி

தாதி மக்டலீன் முழங்கை மடிப்பில் ஊசியை ஏற்றியதும் குணலட்சுமி போட்ட கூச்சலில், விறாந்தையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

மகள் கஜந்தினிக்கு வெட்கமாகப் போய்விட்டது. இரத்தப் பரிசோதனை செய்கிறவளின் தாய் ஓர் ஊசிக்கு இப்படியா கத்துவது?

ஆனாலும் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. உடுவிலில் இருந்து பஸ் ஏறி வந்ததே மகளுக்காகத்தான்.

தொழுநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்தால் இரத்தத்தில் அதை எதிர்க்கும் பிறபொருளெதிரி உண்டாகும். அதைக் கண்டுபிடிக்கக் கை நாளத்தில் ஊசி ஏற்றித்தான் ஆக வேண்டுமா, விரல் நுனியில் குத்தி எடுக்கும் ஒரு துளி போதாதா? கஜந்தினி வேலை செய்யும் ஆய்வுக் குழுவினர் ஒரே ஆளிடம் இரண்டு விதமாகவும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நோயாளிகள் வந்துவிட்டார்கள். ஒப்பிடுவதற்கு நோய்நொடி இல்லாதவர்கள்தான் கிடைக்கவில்லை. நோயின் பெயரைக் கேட்டதுமே ஆட்கள் நழுவிவிடுகிறார்கள்.

கடைசியில் கஜந்தினி கெஞ்சிக் கூத்தாடித் தன் தாயையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைப்பேற்றைத் தவிர வேறெதற்கும் ஆஸ்பத்திரிப் படி மிதிக்காத மனுஷி.

இனி விரல். அதை மகள்தான் குத்த வேண்டும் என்று குணலட்சுமி அடம்பிடித்தாள்.

கண்களை இறுக மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை நீட்டினாள்.

கஜந்தினி மோதிர விரலைத் துடைத்துக் குத்தூசியை அழுத்தினாள். இரத்தம் பொட்டுப்போலத் திரண்டது. முதல் துளியைத் துடைத்துவிட்டு, அடுத்ததை மெல்லிய கண்ணாடிக் குழாயில் பிடித்தாள்.

கூச்சலைக் காணவில்லையே என்று நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏன் பிள்ளை சுணக்கிறாய்? கெதியாக் குத்தன்” என்றாள் அம்மா.

பகிடி விடுகிறாள் என்றுதான் கஜந்தினி முதலில் நினைத்தாள். ஆனால் அம்மாவின் மூடிய இமைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. நெற்றியெல்லாம் வேர்வை. உண்மையாகவே குத்துக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

கஜந்தினி சட்டைப்பையில் இருந்த பேனையை எடுத்தாள். அதன் முனையை மோதிர விரலில் அழுத்தினாள். சின்ன விரலில் அழுத்தினாள். உள்ளங்கையின் ஓரமாக மணிக்கட்டு வரை அழுத்திக்கொண்டே போனாள்.

அம்மாவின் கை அசையவில்லை.

கஜந்தினிக்குத் திக்கென்றது. தோல் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போனால் உடனே வந்து காட்டுங்கள், நல்ல மருந்து இருக்கிறது, முற்றாக மாறிவிடும் என்று ஊரூராகப் போய்ச் சொன்னவளே அவள்தான். சொன்னதில் ஒரு சொல்கூட இப்போது அவளுக்கு உதவவில்லை. ஒரே வீட்டில் இருந்தும் தெரியாமல் போயிற்றே! நீரிழிவாக இருக்கட்டும், நரம்புப் பிடிப்பாக இருக்கட்டும், அது மட்டும் வேண்டாம் என்று மனம் கிடந்து மன்றாடியது.

பஞ்சை வைத்து விரலை அமத்தினாள். முடிந்துவிட்டது என்று தாயின் தோளைத் தட்டினாள்.

குணலட்சுமி மெல்ல ஒரு கண்ணைத் திறந்தாள். பஞ்சில் ஊறியிருந்த இரத்தத்தைக் கண்டதும் அவளுக்கு வந்த பூரிப்பைச் சொல்ல முடியாது. மக்டலீன் பக்கம் திரும்பி, விரலை உயர்த்திக் காட்டினாள்.

“மிஸ்ஸி, நீங்களும் என்ரை பிள்ளையிட்டைக் கொஞ்சம் பழகுங்கோ. அவள் குத்தினதே எனக்குத் தெரியேல்லை!”