ராசியில்லாத கண்கள்

"பெனால்டி ஆரம்பிக்கப் போகுது. அண்ணி, நீங்க கொஞ்சம் வெளியே போங்க," என்றான் ருஜ்ஜேரோ.

ஒர்னெல்லா ஈரக் கையைத் துடைத்தபடி, டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தனைப் பார்த்தாள். "நான் எதுக்குப் போகணும்?"

"இந்த வீட்டுல உக்காந்து பாத்து, இத்தாலி மூணு தடவை பெனால்டியில தோத்திருக்கு. மூணு தடவையும் நீங்க இருந்தீங்க."

"நீங்களும்தான் இருந்தீங்க."

"நாங்க முழு மேட்சும் பாக்கறோம். நீங்க பெனால்டிக்கு மட்டும்தான் சமையலறையிலேருந்து வர்றீங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். ஒத்தாவியோ, ராசிக்காகக் கழுத்துச் சங்கிலியில் போட்டிருந்த பவளக் கொம்பைத் தடவிக்கொண்டே, "அஞ்சு நிமிஷம்தானே, போயிட்டு வா," என்றான்.

மாடிப்படிக்கு வந்ததும் அவள் முதுகுக்குப் பின்னால் அவள் வீட்டுக் கதவையே சாத்தினார்கள். உள்ளே ஒரே கூச்சல். பிறகு அமைதி. மறுபடி கூச்சல். யார் அடித்தார்கள், யார் கோட்டை விட்டார்கள், ஒன்றும் தெரியவில்லை. படிக்கட்டின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு படாரென்று திறந்தது. "ஜெயிச்சுட்டோம் அண்ணி!"

"திரும்பப் போடுவாங்களே, அதையாவது பாக்கறேன்."

ருஜ்ஜேரோ வழியை மறித்தான். "ஞாயித்துக்கிழமை ஃபைனல் இருக்கு. அதுவரைக்கும் எதையும் பாக்காதீங்க. அன்னைக்கும் பெனால்டின்னா உங்களுக்கு இந்தப் படிதான்."

சிறிது நேரத்தில் அவளுடைய செல்போன் அடித்தது. மைதானத்து இரைச்சலுக்கு நடுவே மகனின் குரல்.

"அம்மா, கடைசிப் பந்தை நான் அடிச்சதைப் பாத்தியா? கால் நடுங்குச்சும்மா. நீ பாத்துக்கிட்டிருப்பேங்கிற தைரியத்துலதான் அடிச்சேன்."

ஒர்னெல்லா படிக்கட்டின் பக்கம் பார்த்தாள்.

"பாத்தேன் கண்ணு," என்றாள்.